செம்பு ஒன்று, வெள்ளி மூன்று

என்ன கண்ணுங்களா, எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலிக்காரர்கள் தைலம் தேய்த்தாயிற்றா? இருமல்காரர்கள் ஐஸ் மைலோவை விட்டீர்களா, இல்லை இன்னும் ஒளித்து ஒளித்துக் குடிக்கிறீர்களா? உடம்பைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். இந்தத் தடவை நம் சுந்தரம் சாரிடம் வந்த வழக்கு, நாம் மூச்சு விடும்போது வெளியே போகிறதே, அந்தக் காற்றைப் பற்றியது. காற்றில் என்ன திருட்டு என்று கேட்காதீர்கள். திருடுகிறவனுக்கு எதுவும் பொருள்தான்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு தையல்கடைக்கு மேலே இருக்கிறது சுந்தரத்தின் துப்பறியும் அலுவலகம். இருபத்தெட்டு வருஷம் சுங்க அதிகாரியாக அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவருக்கு உதவியாள் ஹம்னா. முன்பு வாடகைக் கார் ஓட்டினாள். இப்போது சுந்தரத்தின் வேனை ஓட்டுகிறாள், கூடவே வாயையும்.

காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். நாற்பதுக்குள் இருக்கும். தலையில் சாம்பல் நிறத் துணி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உட்காருவதற்கு முன்பே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என் பேரு நூருன்னிசா. ஈசூன்லேர்ந்து வர்றேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள முடியணும் சார்."

"எது முடியணும்?"

"எல்லாமே."

"அப்ப மொதல்ல உக்காருங்க லாத்தா," என்றாள் ஹம்னா. இருவரும் ஒரே கடற்கரைப் பக்கத்து வம்சம் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது; அங்கே அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "நின்னுக்கிட்டே முடிக்க இது பஸ் ஸ்டாப் இல்ல."

நூருன்னிசா உறைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தின் படம். அதில் தமிழில் ஒரே வரி: செம்பு 1 – வெள்ளி 3.

"இது என் நோட்டு. என் கையெழுத்து. இத நான் வித்துட்டேன்னு சொல்றாங்க."

கதை இதுதான். புக்கிட் பாத்தோக்கில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே நூருன்னிசா ஆறு வருஷமாக ஒரே வேலை செய்கிறாள்: ஆலைப் புகையில் வரும் கரியமிலவாயுவை மின்சாரம் வைத்து உடைத்து, எரிசாராயமாக மாற்றுவது. நாலு மாதத்துக்கு முன்னால் அதற்காக அவள் செய்த உலோகத் தகடு மட்டும் வேலை செய்ய ஆரம்பித்தது. எப்படி என்பதை அவள் இன்னும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. போன வாரம் துவாஸ் பக்கம் இருக்கும் ஒரு போட்டிக் கம்பெனி, தானும் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி விருந்தாளிகளைக் கூப்பிட்டது. பொத்தானை அமுக்கினார்கள். எரிசாராயம் வரவில்லை. விஷவாயு மணி அடித்தது. வந்தவர்கள் எல்லாம் படிக்கட்டு வழியாக ஓடினார்கள்.

"ஓடினதோட விட்டிருக்கலாம்," என்றாள் நூருன்னிசா. "ஆனா அந்தக் கம்பெனி எங்க டைரக்டருக்கு மெயில் போட்டுட்டாங்க. உங்க ஆளோட ஃபார்முலாவ ஒரு ஏஜென்ட் மூலமா வாங்கினோம், தப்பான ஃபார்முலா, இதுதான் ஆதாரம்னு இந்தப் படத்த அனுப்பியிருக்காங்க."

"திருட்டு மீன் வாங்கிட்டு, நாறுதுன்னு மீன் வளர்த்தவங்ககிட்டயே கம்ப்ளெயினா? என்னா தைரியம் லா!" என்றாள் ஹம்னா.

"ஏஜென்ட் யாருன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. செவ்வாய்க்கிழமையே என் நுழைவு அட்டைய புடுங்கிட்டாங்க. லேபுக்குள்ள போக முடியாது. இன்னிக்கு ரெண்டரை மணிக்கு விசாரணை. நான் வித்தேன்னு முடிவானா வேலையும் போயிடும், காப்புரிமையில என் பேரும் போயிடும்."

சுந்தரம் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "கரியமிலவாயுவ மாத்துறது அவ்வளவு கஷ்டமா?"

"அது பிடிவாதம் புடிச்ச சாமான் சார். எரிய வேண்டியதெல்லாம் எரிஞ்சு முடிஞ்சு மிச்சம் இருக்கிறதுதான் அது. அடுப்புச் சாம்பல மறுபடி விறகா மாத்துற மாதிரி. கரண்ட் குடுத்துத் தள்ளலாம். தள்ளினா மட்டும் பத்தாது. நடுவுல வினையூக்கின்னு ஒண்ணு வேணும்."

"தமிழ்ல சொல்லுங்க லாத்தா."

"தமிழ்லதான் சொன்னேன்! சரி, கல்யாணத் தரகர்னு வெச்சுக்க. ரெண்டு வீட்டையும் கொண்டாந்து சேர்த்து வைப்பார். ஆனா தாலி அவர் கட்டிக்க மாட்டார். வேலை முடிஞ்சதும் அப்படியே வெளிய வந்துடுவார்."

"எங்க தரகர் அப்படியே வரல, என்னோட பயோடேட்டாவோட காணாமப் போயிட்டார்," என்றாள் ஹம்னா.

நூருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு மாதிரி தரகர். செம்பு இருக்கே, அது கரிய விடாம புடிச்சு வெச்சு இன்னொரு கரியோட ஜோடி சேர்க்கும். அதனாலதான் எரிசாராயம் வரும். வெள்ளி பாதி வழியில கைய விட்டுடும். அது விட்டதுதான் கார்பன் மோனாக்ஸைடு, விஷவாயு."

"அப்ப அந்தக் கம்பெனி ஒரு பங்கு செம்பு, மூணு பங்கு வெள்ளி போட்டிருக்கு. மணி அடிச்சிருக்கு," என்றார் சுந்தரம். "உங்க நோட்டுல அதேதான் இருக்கு. உங்க தகடு மட்டும் எப்படி வேலை செஞ்சுச்சு?"

நூருன்னிசா பிளாஸ்டிக் உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னாத்தானே உதவ முடியும்?"

"அத மட்டும் கேக்காதீங்க சார். போன கட்டுரையில என் வேலைக்கு மொதப் பேரு பாஸ் பேரு. என் பேரு கடைசியில, எறும்பு மாதிரி. இந்தத் தடவை பேர் பதியுற வரைக்கும் வெளியாள்கிட்ட வாயத் தொறக்க மாட்டேன். அதனாலதான் தமிழ்ல எழுதினேன், அதுவும் சுருக்கமா."

"லேப்ல தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு?"

"நானும் ரஞ்சனும்தான். ரஞ்சன் திருச்சிக்காரர், என்கூட வேலை செய்றவர். பாஸ் பாலகிருஷ்ணனும் தமிழ்க் குடும்பந்தான், ஆனா ஸ்கூல்ல மலாய் எடுத்தாராம். ஒரு எழுத்து தெரியாதும்பார். டைரக்டர் ஜைனப் மேடம் மலாய்க்காரங்க."

மறுபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். நேராக விசாரணைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் படியிறங்கினாள்.

காலடிச் சத்தம் அடங்கியதும் ஹம்னா திரும்பினாள். "சார், எனக்கு லாத்தாவைப் புடிச்சிருக்கு. ஆனா நம்ப முடியல. வேணும்னே தப்பான ஃபார்முலாவ வித்து அந்தக் கம்பெனிய ஏமாத்தியிருந்தா?"

"நானும் அதத்தான் யோசிக்கிறேன்."

"இல்லன்னா அந்த ரஞ்சன். தமிழ் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

"அதையும் யோசிக்கிறேன். என்கிட்ட பெட்டியோட வந்தவங்கள்ல, தப்பு பண்ணவன் என் மூஞ்சியைப் பார்ப்பான், பெட்டியைப் பார்க்க மாட்டான். இவங்க என் மூஞ்சியையும் பார்க்கல. கடிகாரத்தைப் பார்த்தாங்க. பதினோரு தடவை. விசாரணை ரெண்டரைக்கு. அஞ்சு மணிக்கு என்ன இருக்கு?"

ஹம்னா வேன் சாவியை எடுத்தாள்.

"வண்டிய அப்புறம் எடு. மொதல்ல நடந்து போவோம், கேம்பல் லேனுக்கு," என்றார் சுந்தரம். "செம்பும் வெள்ளியும் கலந்து தகடு வேணும்னு யாராவது கேட்டு வந்தாங்களான்னு பாத்திரக்கடை ஹுசைன் பாய்க்குத் தெரிஞ்சிருக்கும்."

ஹுசைன் பாய் கடையில் குத்துவிளக்கும் தாம்பாளமும் வாசல்வரை தொங்கும். அவர்கள் போனபோது அவர் பாதிக் கதவை இழுத்துவிட்டுத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், சீக்கிரம், சீக்கிரம். என்ன வேணும்?"

சுந்தரம் படத்தை நீட்டினார். ஹுசைன் பாய் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். முகம் சிவந்தது.

"எவன் இத எழுதினது?"

"ஏன் பாய்?"

"ஒரு செம்பு மூணு வெள்ளியா! எந்தக் கடையில மூணு வெள்ளிக்குச் செம்பு தர்றான்? முஸ்தபா கடைப் பக்கமா? செம்பா அது? தகரத்துல வர்ணம் அடிச்சிருப்பான் சார். நான் பன்னெண்டு வெள்ளிக்குக் கீழ குடுத்தா எனக்கு வாடகை யார் கட்டுறது?"

இந்த ஊரில் டாலரையும் வெள்ளி என்றுதான் சொல்வோம். ஹம்னா வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரம் சிரிக்கவில்லை. கண்ணிமைக்காமல் ஹுசைன் பாயையே பார்த்தார்.

"பாய், இது விலைப் பட்டியல் இல்ல. செம்புன்னா தகடு. உலோகம்."

"உலோகமா? அத மொதல்லயே சொல்லப்படாதா? வயசானவனுக்கு ரத்தக் கொதிப்பு ஏத்திக்கிட்டு. அப்படி யாரும் கேட்டு வரல. சரி, கெளம்புங்க சார், கோவிச்சுக்காதீங்க, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சு. இன்னிக்கு வெள்ளி இல்லியா?"

கதவு இறங்கியது. தெருவில் இருவரும் நின்றார்கள். காய்கறிக் கூடை தூக்கிய ஒரு அம்மாள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஹம்னா," என்றார் சுந்தரம் மெதுவாக. "பாய் கடைசியா என்ன சொன்னார்?"

"கெளம்புங்கன்னார்."

"அதுக்கப்புறம்."

"இன்னிக்கு வெள்..." ஹம்னா நிறுத்தினாள். படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "யா அல்லா! பாத்திரக்கடைக்காரர் படிச்சா டாலர். கெமிஸ்ட் படிச்சா சில்வர். எழுதினது லாத்தா..."

"ஒண்ணாம் நம்பர் செம்புத் தகடு. மூணாவது வெள்ளிக்கிழமை. இன்னிக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமைன்னு தோணுது. அதான் அஞ்சு மணி."

"அப்ப லாத்தா நோட்டுல சில்வரே இல்லியா?"

"ஒரு பொட்டுகூட இல்ல. திருடினவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், உலோகம் தெரியும், ஆனா அந்த லேப்ல வெள்ளிக்கிழமை என்ன நடக்குதுன்னு தெரியாது."

"ரஞ்சன்!"

"வண்டிய எடு. வழியில ஒரு பிரிண்டிங் கடையில நிறுத்து. ஒரே ஒரு வரி அச்சடிக்கணும்."

என்ன வரி என்று கேட்டதும் ஹம்னா வேனை ஓரங்கட்டி நிறுத்திச் சிரித்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டினாள்.

ஆய்வுக்கூட வாசலில் நூருன்னிசாவுக்காகக் காத்திருந்தார் ரஞ்சன்; கழுத்து அட்டையில் பெயர் இருந்தது. ஒல்லியான ஆள், தூங்காத கண்கள். ஹம்னா அவரை மேலும் கீழும் பார்த்தாள். திருட்டு முழி மாதிரிதான் அவளுக்குத் தெரிந்தது. சுந்தரம் வணக்கம்கூடச் சொல்லாமல் படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இத வாசிங்க."

"செம்பு ஒண்ணு, மூணாவது வெள்ளிக்கிழ..." ரஞ்சன் சட்டென்று வாயைப் பொத்தினார். "சார், நான் எதுவும் சொல்லல. அக்கா கொன்னுடுவாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வாரமும் நீங்களும் கூட இருப்பீங்களா?"

"தகடு கழுவுறதே நான்தான் சார். நீங்க சொல்லுங்க, இன்னிக்கு அவங்கள உள்ள விடுவாங்களா? அஞ்சு மணிக்கு மேல அந்தத் தகடு ஊறினா மூணு வாரமும் வீண். நான் தொட்டா ரெண்டு பேரும் சேர்ந்து வித்தோம்பாங்க."

சுந்தரம் அவரைத் தாண்டி நடந்தார். ஹம்னா பின்னாலேயே ஓடினாள். "சார், இவருக்குச் சரியான அர்த்தம் தெரிஞ்சிருக்கு. இவர் வித்திருந்தா சில்வர்னு வித்திருக்க மாட்டார். அப்ப தமிழ் தெரிஞ்ச ஆளே மிச்சமில்லியே!"

"தெரிஞ்சவங்கன்னு சொல்லிக்கிட்டவங்கதான் மிச்சமில்ல."

ரெண்டரை மணி விசாரணை மூன்றரை தாண்டித்தான் தொடங்கியது. அறையில் நீள மேசை. நடுவில் டைரக்டர் ஜைனப். அவருக்கு வலப்பக்கம் லேப் தலைவர் பாலகிருஷ்ணன், இஸ்திரி கலையாத சட்டை. எதிரே நூருன்னிசா தனியாக. அவள் வரவழைத்த துப்பறிவாளர்கள் என்று சுந்தரத்துக்கும் ஹம்னாவுக்கும் சுவரோரம் இடம். ரஞ்சனைப் பாலகிருஷ்ணன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். அங்கே பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நான் நமக்குத் தோதாகச் சொல்கிறேன்.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு மேடம்," என்றார் பாலகிருஷ்ணன். "ஆனா நோட்டு அவங்களுது, எழுத்து அவங்களுது. நான் தமிழ் படிக்கவே மாட்டேன் லா. எம்ஆர்டி ஸ்டேஷன் பேரக்கூட இங்கிலீஷ்லதான் பார்ப்பேன்."

"ஒரு எழுத்துகூடத் தெரியாதா சார்?" என்று கேட்டார் சுந்தரம், அப்பாவியாக.

"ஒண்ணுகூட."

"பரவாயில்ல. எல்லாருக்கும் ஒரு தாள் தர்றோம், என் அறிக்கை. தமிழ்ல இருக்கு, மன்னிக்கணும், மொழிபெயர்க்க நேரமில்ல. வாய்லயே விளக்குறேன்."

ஹம்னா ஆளுக்கொரு தாள் வைத்தாள். பெரிய எழுத்தில் ஒரே வரி. ஜைனப் அதைப் பார்த்துவிட்டு, விளக்கத்துக்காகத் தலையை நிமிர்த்தினார். நூருன்னிசா படித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மேசைக்கு அடியில் இரண்டு கைகள் வேகமாக இறங்கின. ஒன்று ரஞ்சனுடையது. இன்னொன்று பாலகிருஷ்ணனுடையது.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் ஜைனப்.

ஹம்னா முந்திக்கொண்டாள். "‘ஐயா, உங்க பேண்ட் ஜிப் திறந்திருக்கு’ன்னு எழுதியிருக்கு மேடம்."

ஜைனப் தாளைக் கீழே வைத்தார்.

"ரஞ்சன் கை போனதுல ஆச்சரியமில்ல, அவருக்குத் தமிழ் தெரியும்," என்றார் சுந்தரம். "உங்க கை ஏன் சார் போச்சு?"

"அரிப்பு லா," என்றார் பாலகிருஷ்ணன். காது நுனி சிவந்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே நொடியில அரிப்பா? லேப்ல மூட்டைப்பூச்சி இருந்தா அதையும் சொல்லிடுங்க," என்றாள் ஹம்னா.

ஜைனப் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி பாலகிருஷ்ணனை நேராகப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை நான் உங்கள என்ன கேட்டேன்? தமிழ் படிக்கத் தெரியுமான்னு. ஏன் பொய் சொன்னீங்க?"

"என் நோட்ட இவர் எப்போ வேணும்னாலும் புரட்டிப் பார்க்க முடியும்," என்றாள் சுந்தரத்தின் பக்கம் திரும்பாமலே நூருன்னிசா, அடங்கிய குரலில். "மேசை டிராயர் சாவி அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

"நாலு மாசம்!" பாலகிருஷ்ணன் மேசையைத் தட்டினார். இத்தனை நேரம் பேசிய ஆங்கிலம் எங்கோ ஓடிவிட்டது. வந்தது சுத்தமான வீட்டுத் தமிழ். "நாலு மாசமா கெஞ்சினேன், என்ன கலக்குறேன்னு சொல்லும்மான்னு. என் லேப்! எனக்கே சொல்லல. சரி, நானே பார்த்துக்கிறேன்னு பார்த்தேன். வெள்ளின்னா சில்வர்தானே? தமிழ் வாத்தியார்கிட்ட பத்து வருஷம் படிச்சிருக்கேன், வெள்ளின்னா சில்வர்! இவ எதுக்கு அப்படி எழுதி வெச்சா? அந்தக் கம்பெனிக்காரன் எனக்குத் தலைவர் பதவி தர்றேன்னு சொன்னதெல்லாம் போச்சு!"

பேசி முடித்த பிறகுதான் தான் என்ன பேசினோம் என்பது அவருக்கே கேட்டது. ஜைனபுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரிந்தது. ஹம்னா வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள், மூட்டைப்பூச்சியைச் சேர்க்காமல்.

"அப்ப வெள்ளின்னா என்ன?" என்று கேட்டார் ஜைனப்.

எல்லாரும் நூருன்னிசாவைப் பார்த்தார்கள். அவள் மேசையைப் பார்த்தாள். நாலு மாதம் காத்த ரகசியம். சொல்லாமல் எழுந்து போனால் ரகசியம் மட்டும் மிஞ்சும். தகடு போய்விடும்.

"வெள்ளிக்கிழமை மேடம். அதுல வேற உலோகமே கிடையாது. வெறும் செம்புத் தகடு. அத மூணு வாரம் காரக் கரைசல்ல ஊற வைப்பேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்துப் பார்ப்போம், கழுவுவோம், திருப்பி வைப்போம். மேல கறுப்பா ஒரு தோல் வளரும். கரண்ட் பட்டதும் அந்தத் தோல் மறுபடி செம்பாயிடும், ஆனா வழவழன்னு இருக்காது, சொரசொரன்னு இருக்கும். அந்தச் சொரசொரப்புலதான் கரி கரியோட ஜோடி சேருது. இப்ப மணி நாலேகால். அஞ்சைத் தாண்டினா தோல் தடிச்சு உரிஞ்சு விழுந்துடும்."

"இவ்வளவுதானா?" பாலகிருஷ்ணன் வாய் பிளந்தார். "ஊற வைக்கிறதா?"

"நீங்க ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானமாவது லேப் பக்கம் வந்திருந்தா கண்ணாலயே பார்த்திருக்கலாம் சார்," என்றார் ரஞ்சன். "நீங்கதான் கோல்ஃப் போயிடுவீங்களே."

ஜைனப் இழுப்பறையைத் திறந்தார். நூருன்னிசாவின் நுழைவு அட்டையை எடுத்து மேசைமேல் தள்ளினார். "காப்புரிமைப் பேப்பர்ல இன்னிக்கே கையெழுத்து. மொதப் பேரு உங்களுது, ரெண்டாவது ரஞ்சன். நீங்க உக்காருங்க பாலகிருஷ்ணன், உங்ககிட்ட இன்னும் பேச வேண்டியிருக்கு."

நூருன்னிசா கடைசி வார்த்தை வரை நிற்கவில்லை. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ரஞ்சன் பின்னால், ஹம்னா அவருக்குப் பின்னால்.

லேபில் கண்ணாடித் தொட்டிக்குள் கறுத்த தகடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சன் தூக்கிக் கழுவினார், நூருன்னிசா திருகாணிகளை முடுக்கினாள். வாயுக் குழாய் திறந்தது. மின்சாரம் பாய்ந்தது. தகட்டின்மேல் கறுப்பு மெல்ல வெளுத்துச் சிவப்பு எட்டிப் பார்த்தது. பிறகு பொடிப்பொடியாகக் குமிழ்கள்.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது. அளவு காட்டும் திரையில் ஒரு கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது மேலே ஏற ஆரம்பித்தது.

"எரிசாராயம்," என்றார் ரஞ்சன். "அக்கா, போன தடவைய விட அதிகம்."

வாசலில் ஜைனப் வந்து நின்றார், பின்னால் சுந்தரம். ஜைனப் தொண்டையைச் செருமினார். "நூருன்னிசா, நாங்க உங்கள சந்தேகப்பட்டதுக்கு, இந்த நிர்வாகத்தோட சார்பா..."

"மேடம், மன்னிப்ப அப்புறம் கேளுங்க," என்றாள் நூருன்னிசா, தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப அந்த வாசல விட்டு நகருங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

டைரக்டர் நகர்ந்தார்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வீட்டிலும் ஒரு சொல் ரெண்டு அர்த்தம் காட்டி யாரையாவது மாட்டிவிட்டிருக்கும், இல்லையென்றால் காப்பாற்றியிருக்கும். ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். பெயரை மாற்றிப் போட்டாலும் சரி, நடந்ததை மாற்றாதீர்கள்.